ஓடைக்குத் தெற்கே

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் ஏட்டு காத்தவராயன் நான்காவது முறையாக ஓடினார். உடைந்த மதிலிலிருந்து குதித்து, முன்னால் ஓடும் திருடனின் சட்டைக் காலரைப் பிடிக்க வேண்டும். மூன்று முறையும் காலர் கைக்கு வந்தது, தொப்பி கீழே போனது. நான்காவது முறை தொப்பி தலையிலேயே நின்றது. ஆனால் திருடன் செங்கல்லில் தடுக்கி விழுந்து, நிஜமாகவே முட்டியைப் பேர்த்துக்கொண்டான். டைரக்டர் ஆல்வின் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டான்.

கிருபாகரன் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காத்தவராயன் கதைகளை எழுதியவர் என்ற முறையில் அவருக்கு அந்த நாற்காலி. தொடர் இரண்டாவது வருஷமாக ஞாயிறுதோறும் ஓடுகிறது. செங்கல்பட்டில் அவர் குடியிருக்கும் தெருவில் இப்போது அவருக்கு "ஏட்டு சார்" என்றே பெயர்.

கயிற்றுக்கு அப்பால் மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்த பெண் ஒருத்தி அவரைக் கூப்பிட்டாள்.

"இன்னா சார், உங்க ஏட்டு இம்மாந்தூரம் ஓடியும் ஒரு சொட்டு வேர்க்கல? எங்கூரு ஏட்டுக்கு நின்னாலே வேர்க்குமே."

"மேக்கப்மா."

"அப்ப அந்தத் திருடனுக்கும் கொஞ்சம் பூசி வுடுங்க. முட்டில ரத்தம் வந்துகினு கீது, ஒருத்தனும் பாக்கல."

ஆல்வின் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். முப்பது வயது இருக்கும். மரியாதை தெரிந்தவன், ஆனால் எந்நேரமும் அவசரத்தில் இருப்பவன்.

"சார், கடைசி எபிசோடுக்கு மட்டும் கதை இல்ல. உங்க முப்பத்திநாலு கதையும், ஒவ்வொண்ணா ரெண்டு வாரம் போட்டும், முடிஞ்சுது. ஏட்டு ரிட்டயர் ஆகுற நாள், அதுல ஒரு பழைய கேஸ் வரணும். இத்தனை நாள் தப்பே பண்ணாத மனுஷன் சார் அவரு. லைஃப்ல ஒரே ஒரு தப்பு பண்ணியிருக்க மாட்டாரா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் கிருபாகரன்.

யோசிக்க ஒன்றும் இல்லை. அப்படி ஒரு கதை அவரிடம் பதினான்கு வருஷமாக இருந்தது. அதை எழுதாதே என்று சொன்னவள்தான் இல்லை.

காத்தவராயன் செய்ததாக அவர் எழுதியதெல்லாம் அவர் மனைவி ஜெசிந்தா செய்தது. கடற்கரையோர ஸ்டேஷன் ஒன்றில் அவள் ஏட்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றிக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுவாள். பெல்ட் இடுப்பில் இருக்கும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள், வீட்டுப் பேச்சு ஒன்றும் பேச மாட்டாள். கருவூலத்தில் கிளார்க் வேலை பார்த்த கிருபாகரன் அதற்குள் வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். அவள் சமையலறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து அன்றைய கதையை ஆரம்பிப்பாள். அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. கோர்ட்டில் முடிந்த கேஸை மட்டும்தான் அவர் எழுதலாம். முடியாததைக் கேட்டுவிட்டு மறந்துவிட வேண்டும்.

முதல் கதையில் ஏட்டு பெண்ணாகத்தான் இருந்தாள். வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அதைத் திருப்பி அனுப்பினார். பெண் போலீஸ் என்றால் வாசகர்கள் வேறு மாதிரி எதிர்பார்ப்பார்கள், ஏட்டு ஆணாக இருந்தால் போடலாம் என்று ஒரு கார்டு. கிருபாகரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் பெயரை மாற்றி மீசையும் வைத்துவிட்டார். அச்சில் வந்ததைப் படித்துவிட்டு ஜெசிந்தா ஸ்டேஷன் கண்ணாடியில் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீச நல்லாத்தான் கீது எனக்கு."

அவள் கோபித்துக்கொண்டது வேறு விஷயத்துக்கு. குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவனை அவள் நாலு அறை விட்டதாகச் சொன்னால், கதையில் காத்தவராயன் அவன் தோளில் கைபோட்டு அறிவுரை சொல்வார்.

"ஸ்டேஷன்ல ஒரு ரைட்டரு, வூட்ல ஒரு ரைட்டரு. ரெண்டு பேருமே நடந்தத எழுத மாட்டீங்க" என்பாள்.

2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாவது அலையில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனாள். அப்போது ஸ்பெஷல் எஸ்.ஐ. ஆகிவிட்டிருந்தாள். குப்பத்துக்காரர்களுக்குக் கடைசிவரை ஏட்டம்மாதான். இரண்டு வருஷம் கழித்துத் தொடர் வந்தது. காத்தவராயன் கட்டை விரலால் மீசையைத் தடவிக்கொண்டு ஊர் ஊராகப் பிரபலமானார். பேட்டியில், இந்த நுணுக்கமெல்லாம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டபோது, "என் மனைவி காவல்துறையில் இருந்தார்" என்று கிருபாகரன் சொன்னார். அச்சில் அது "மனைவியின் ஊக்கமே காரணம்" என்று வந்தது.

அந்தக் கதை இதுதான்.

2009, மே மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. எம்.பி. தேர்தல் நேரம். ஜெசிந்தாவுக்குப் பத்து நாளாகத் தொடர்ந்து இரவுப் பணி. அன்று காலை மாதா கோயிலில் எட்டு மணிப் பூசையில் மகள் ஜெனிஃபருக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்கும் சடங்கு. வெள்ளைக் கவுனும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்தாயிற்று. முந்தின நாள் டியூட்டிக்குக் கிளம்பும்போது கிருபாகரன் வாசலில் நின்று, "நாளைக்காவது வந்துரு" என்றார். கொஞ்சம் குத்தலாகவே சொன்னார். ஞானஸ்நான நாளிலும் அவள் வரவில்லை, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் வரவில்லை.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு ஆண் பிணம் கரை ஒதுங்கியது. மீன்பிடிக்கப் போக வந்த அரசு என்பவர்தான் பார்த்து ஓடிவந்து சொன்னார். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் கிடந்த உடம்பு, முகம் இல்லை. மஞ்சள் கட்டம் போட்ட சட்டை. அதில் இடது கைப் பொத்தான் மட்டும் கறுப்பு. பிணம் கிடந்த இடம் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில், ஓடைக்கு வடக்கே. ஓடைக்கு வடக்கே இருந்தால் அவள் ஸ்டேஷன் லிமிட். தெற்கே இருந்தால் பக்கத்து ஸ்டேஷன். எடுத்துக்கொண்டால் வி.ஏ.ஓ. வரவேண்டும், விசாரணை, பெரியாஸ்பத்திரி என்று சாயங்காலம் ஆகிவிடும். ஸ்டேஷனில் அவளைத் தவிர இருந்தது பாராக்காரன் ஒருவன்தான்.

அவள் ஓடையைப் பார்த்தாள். அரசு அவளைப் பார்த்தார்.

"வேணா ஏட்டம்மா. சித்திர மாசம் கடலு எல்லாத்தையும் வடக்காலதான் இழுக்கும். தெக்கால போட்டா பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். எட்டு மணிக்குப் பூச அண்ணாத்த."

மணலில் தடம் விழக் கூடாது என்று முழங்கால் தண்ணீரிலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். அரசு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஓடை வாய்க்கு அந்தப் பக்கம் முந்நூறு அடி. கோயிலுக்கு அவள் எட்டேகால் மணிக்கு வந்து சேர்ந்தாள். அன்று எடுத்த போட்டோ இன்னமும் கூடத்தில் தொங்குகிறது. பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, நடுவில் ஜெனிஃபர். ஜெசிந்தாவின் கால்விரல் இடுக்கில் மணல் இருக்கும். தெரிந்தவர்கள் பார்த்தால் மட்டும் தெரியும்.

பக்கத்து ஸ்டேஷன்காரர்கள் சிரிக்கவில்லை. கடலோரத்தில் வளர்ந்த ஒரு கான்ஸ்டபிள் அங்கே இருந்தான். இந்த மாதத்தில் பிணம் தெற்கே வந்து ஒதுங்காது என்று அவனே சொல்லிவிட்டான். மேலே எழுதிப்போட்டார்கள், ஒரு விசாரணை வரும் என்று பேச்சு. அடையாளம் தெரியாத ஆண் சடலம் என்று குறித்து, பத்து நாள் வைத்திருந்து, பாலாறு கடலில் சேரும் பக்கத்துச் சுடுகாட்டு ஓரமாகப் புதைத்தார்கள்.

ஜூன் மாதம் மதுராந்தகம் பக்கத்திலிருந்து தனகோடி என்ற கூலிக்காரப் பெண் ஜெசிந்தாவின் ஸ்டேஷனுக்கு வந்தாள். மகன் கலைவாணனைக் காணவில்லை. கம்பெனி வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான், அவன் சிநேகிதன் ஒருவன் மாமல்லபுரம் பக்கம் கடற்கரைக்குப் போனதாகச் சொல்கிறான். பத்தொன்பது வயது. மஞ்சள் கட்டம் போட்ட சட்டை. கைப் பொத்தான் ஒன்று அறுந்துபோய், வீட்டில் இருந்த கறுப்புப் பொத்தானை அவளே தைத்துக் கொடுத்தாள்.

ஜெசிந்தா எழுதி வாங்கிக்கொண்டாள். விசாரணை அடங்கட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். விசாரணை அடங்கியது. அதற்குள் தனகோடி நாலு முறை வந்துவிட்டாள். நாலாவது முறை வந்தவளிடம், முதல் முறையே தெரியும் என்று எப்படிச் சொல்வது? மாதம் ஒரு முறை அவள் வந்தாள். ஸ்டேஷனில் எல்லோருக்கும் அவள் பழக்கமாகிவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் பெல்ட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து இவ்வளவையும் ஜெசிந்தா கிருபாகரனிடம் சொன்னாள். முடிவில் "இத எழுதாத" என்றாள். பெல்ட்டோடு அவள் வீட்டில் பேசியது அந்த ஒரு நாள்தான். அதற்கப்புறம் தனகோடி என்ற பெயரை அவள் எடுக்கவே இல்லை. தாய்க்காரி வருவதை நிறுத்திவிட்டாள்போல என்று கிருபாகரன் நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. அந்தக் குத்தல் பேச்சு அவருடையது என்பதால் கேட்க வாய் வரவில்லை என்றும் சொல்லலாம்.

படப்பிடிப்பிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவர் இதையே புரட்டிக்கொண்டிருந்தார். அவள் செய்த நல்லதெல்லாம் காத்தவராயன் பெயரில் போய்விட்டது. அவள் பெயரில் எழுத மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். இதையும் காத்தவராயனுக்கே கொடுத்தால் அவளுக்கென்று ஒன்றுமே இல்லை. அவள் பெயரில் எழுதினால் இருக்கிற ஒரே விஷயம் இந்தப் பிணம். ஜெனிஃபரைக் கேட்கலாம் என்றால், அவள் கேளம்பாக்கத்து ஃபிளாட்டில் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் இருப்பாள், தன் புதுநன்மை நாளைப் பற்றி இப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது.

நாலாம் நாள் அவர் மதுராந்தகம் பஸ் ஏறினார். தனகோடி உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கப் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. அவள் இல்லையென்றால் எழுதிவிடலாம் என்பது மீதி.

ஏரிக்கரையிலிருந்து ஷேர் ஆட்டோவில் நாலு கிலோமீட்டர். அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு, கதவில் போன பொங்கலுக்கு அடித்த நீலப் பெயின்ட். தெருக்குழாயில் குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எழுபதை நெருங்கும் ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தனகோடிங்கறது..."

"நான்தான். நீங்க யாரு? ரேஷன் கார்டு விசயமா?"

"இல்லமா. செங்கல்பட்டுலேர்ந்து வரேன். ஜெசிந்தான்னு ஏட்டம்மா ஒருத்தங்க..."

அவள் குழாயை மூடினாள்.

"அவங்க வூட்டுக்காரரா? கதை எழுதறவரு?"

"ஆமா."

"ஏட்டம்மா போயி, வர்றதுக்கு நாலு வருசம் ஆச்சா சார் உங்களுக்கு?"

பஸ்ஸில் வரும்போது நாலைந்து வாக்கியங்களை அவர் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. உள்ளே பாய் விரித்து உட்காரவைத்தாள். டிவிக்கு மேல் மாலை போட்ட படத்தில் கலைவாணன் இருந்தான். தண்ணீர் கொடுத்துவிட்டுத் தானே ஆரம்பித்தாள்.

"உங்க நாடகம் பாப்பேன். பேத்தி போட்டுக் காட்டும். அந்த ஏட்டு ரொம்ப நல்லவனா கீறான் சார், நம்பவே முடியல. ஏட்டம்மா இன்னா திட்டு திட்டும் தெரியுமா? ஒரு தபா பஸ்சு கண்டக்டர போட்டு..." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவ இங்க வந்தாளா?"

"இன்னா சார் கேக்குறீங்க. மூணாவது வருசம் ஒரு நாளு, காட்டன் பொடவ கட்டிகினு, யூனிபாரம் இல்லாம, அதோ அங்க தரையில குந்துச்சு. எல்லாத்தையும் சொல்லுச்சு. தண்ணில தள்ளுனது, பொத்தானு, எல்லாம். அடிச்சேன் சார். கைய புடிக்கல, எதுக்கல, குந்திகினே இருந்துச்சு. அப்பால எந்திரிச்சுப் போயிடுச்சு. அடுத்த வாரம் வண்டிய எடுத்தாந்து, குந்துன்னுச்சு. புள்ளய பொதச்ச எடத்துக்கு இட்டுனு போச்சு."

அதற்கப்புறம் ஒவ்வொரு மே மூன்றாம் தேதியும் ஜெசிந்தா வந்திருக்கிறாள். சூடம், பழம், ஒரு மஞ்சள் சட்டை. கிருபாகரன் கணக்குப் பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் மே மூன்றாம் தேதி அவளுக்கு எங்கேயாவது பந்தோபஸ்து இருக்கும். திருவிழா, அரசியல் கூட்டம், மந்திரி வருகை. அதை வைத்து, பந்தோபஸ்து பந்தோபஸ்து என்று அலுத்துக்கொள்ளும் மனைவி ஒருத்தியைக்கூடக் காத்தவராயனுக்கு எழுதியிருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்றார்.

"சொல்ல மாட்டன்னுதான் சொல்லுச்சு. 'எங்க வூட்டுக்காரு காதுல மட்டும் வுழக்கூடாது ஆயா, எழுதிடுவாரு, அதுலயும் நான் உன்ன கட்டிப்புடிச்சு அழுதன்னு எழுதுவாரு'ன்னுச்சு. எனக்கு மீசைகூட வெச்சுட்டாருன்னு சொல்லிச் சிரிக்கும்."

தனகோடி எழுந்து போய்த் தகரப்பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு தாளை எடுத்து நீட்டினாள். முழுப்பக்க மனு. ஜெசிந்தாவின் கையெழுத்து, இடப்பக்கம் சாய்ந்த, ஸ்டேஷனில் ஆயிரம் மனு எழுதிப் பழகிய எழுத்து. மாவட்டக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு, மேற்படி முகவரியில் வசிக்கும் தனகோடி ஆகிய நான் எழுதிக்கொள்வது. என் மகனின் உடலை ஓடைக்குத் தெற்கே நகர்த்திய தலைமைக் காவலர் ஜெசிந்தா மீது நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். தேதி, நேரம், தூரம், சட்டையின் நிறம், எல்லாம் இருந்தது. அரசுவின் பெயர் இல்லை, "நான் ஒருத்தியாக" என்று இருந்தது.

"அதுவே எழுதியாந்து, கைநாட்டு வெய்யுன்னுச்சு. நான் வெக்கல."

"ஏன்?"

"அதப் புடிச்சு உள்ள போட்டுட்டா அப்பால என்னை யாரு சார் வண்டில இட்டுனு போறது? அந்த எடத்துக்கு ரெண்டு பஸ்சு மாறணும்."

கிருபாகரன் மனுவைத் திரும்பவும் படித்தார். ஏன் நகர்த்தினாள் என்பதற்கு ஒரு வரி இருந்தது: "வேலைப்பளுவைத் தவிர்க்கும் நோக்கத்துடன்". புதுநன்மை இல்லை. எட்டு மணிப் பூசை இல்லை. வாசலில் நின்று "நாளைக்காவது வந்துரு" என்றவர் இல்லை.

தாளை மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தார். டிவிக்காரர்கள் கடைசியாக ஒரு கதை கேட்கிறார்கள் என்று சொன்னார். இந்தக் கதையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், கேட்காமல் எழுதக்கூடாது என்று வந்தேன் என்றும் சொன்னார். கடைசியில் சொன்னதை அவளும் நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது.

"எழுதுங்க" என்றாள் தனகோடி. "மீச மட்டும் வெக்காதீங்க."

திரும்பும் வழியில் மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆல்வினுக்குப் போன் செய்து கதையைச் சொன்னார்.  முடித்ததும், "சார், புல்லரிக்குது சார்" என்றான் ஆல்வின். "இதுதான் சார் ஃபினாலே. ஏட்டு தப்பு பண்றாரு, அந்தம்மா கால்ல விழுந்து கதர்றாரு..."

"ஏட்டு இல்ல. பொம்பள ஏட்டு. ஜெசிந்தான்னு பேரு."

"அது கஷ்டம் சார். ரெண்டு சீசனா ஆடியன்ஸ் அவர் கூட வந்திருக்காங்க. கடைசில திடீர்னு ஒரு லேடிய எங்கேருந்து கொண்டு வர்றது? அவரே பண்ணட்டுமே சார், என்ன இப்போ? கதை ஒண்ணுதானே?"

"காத்தவராயனுக்கு இது வராதுப்பா."

"சார்?"

"அவர் தண்ணில இறங்க மாட்டாரு. பிணத்துக்குப் பக்கத்துல உக்காந்து அறிவுரை சொல்லுவாரு. அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன் அவர."

ஆல்வின் இரண்டு நாள் போன் செய்தான். மூன்றாம் நாள் அவர்களே உட்கார்ந்து ஒரு கதை செய்துகொண்டார்கள். கடைசி எபிசோடில் மணல் லாரிக்காரர்கள் காத்தவராயனைச் சுட்டுவிட்டார்கள். மாமல்லபுரத்தில் யாரோ கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். தெருவில் நாலைந்து பேர் கிருபாகரனிடம் வந்து துக்கம் விசாரித்தார்கள். ஜெசிந்தா இறந்தபோது கொரோனா காலம், அப்படி யாரும் வரவில்லை.

அவர் கதையை எழுத நாற்பது நாள் ஆயிற்று. முதலில் ஜெனிஃபருக்குப் படித்துக் காட்டினார். அவள் போட்டோவைக் கழற்றி எடுத்து வெகுநேரம் அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு திரும்ப மாட்டிவிட்டாள். "போடுங்கப்பா" என்றாள்.

மே மூன்றாம் தேதி ஜெனிஃபரின் காரில் தனகோடியை அழைத்துப் போனார்கள். பாலாற்றில் தண்ணீர் இல்லை. சூடம் ஏற்றி முடித்ததும் தனகோடி முந்தானையை விரித்து வேலியோர நிழலில் உட்கார்ந்து, "எழுதுனத படிங்க, கேப்போம்" என்றாள். கிருபாகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடல் வடக்கே இழுப்பதற்குத் தலையாட்டினாள். பொத்தான் வந்தபோது தலையாட்டவில்லை. வாசலில் நின்று "நாளைக்காவது வந்துரு" என்று புருஷன் சொல்லும் இடத்தில் அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். ஜெசிந்தா காட்டன் புடவையில் வந்து தரையில் உட்கார்ந்து சொல்லி முடிக்கிறாள். தனகோடி அவளை ஓங்கி ஓர் அறை விடுகிறாள்.

"நிறுத்துங்க" என்றாள் தனகோடி. "ஒண்ணு இல்ல சார். மூணு."

கிருபாகரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஓர் அறை என்பதை அடித்துவிட்டு, மேலே மூன்று என்று எழுதினார்.

"ம். இப்ப படிங்க."